கூச்சலில் கரைந்த பாட்டு, அழித்துப் பதிந்த டேப்

(மூத்த குடியிருப்போர் மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸ் ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)

"எப்போதும் எம்.எஸ்.வி.தானா? அந்தக் கால இங்கிலீஷ் பாட்டைப் பற்றியும் யாராவது பேசுங்களேன்" என்று போன கூட்டத்தில் ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். எம்.எஸ்.வி. ரசிகர்கள் இன்று ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளில் மெட்ராஸில் இருந்தவர்கள் பீட்டில்ஸைக் காதால்தான் அறிவார்கள். இங்கே டி.வி. வந்ததே 1975 ஆகஸ்ட் 15-ல். அதுவரை ரேடியோ சிலோன், இல்லையென்றால் டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி வந்த எச்.எம்.வி. தட்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்தவர்கள் நேரில் பார்த்தார்கள், டி.வி.யில் பார்த்தார்கள். கொடுத்து வைத்தவர்கள்! ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன, அதில் இன்று மிஞ்சியிருப்பது என்ன? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு. நியூயார்க்கில் எட் சல்லிவன் ஷோ. ஸ்டூடியோவில் 728 இருக்கைகள். டிக்கெட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் சுமார் 50,000. டி.வி.யில் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் பேர் என்று கணக்கு. கென்னடி சுடப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. துக்கம் நடந்த வீட்டில் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்திருக்கும். கேமரா ஒவ்வொரு முகமாகக் காட்டி, கீழே பெயர் போட்டது. ஜான் லெனான் முகம் வந்ததும், பெண்களே மன்னிக்கவும், இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுத்து ஓடியது. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லமாட்டார்!

அந்த நிகழ்ச்சி பத்திரமாக இருக்கிறது. இனி வருவதுதான் வேறு கதை.

1965 ஆகஸ்ட் 15, அதே நியூயார்க்கில் ஷே ஸ்டேடியம். பேஸ்பால் மைதானம். 55,600 பேர். பாட்டு மொத்தம் அரை மணி நேரம்தான். அதற்காக வாக்ஸ் கம்பெனி தனியாக 100 வாட் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தது. நூறு வாட்! நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் லைட் மியூசிக்காரர் வைக்கும் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். பாடுகிற குரல், மைதானத்தில் அறிவிப்பு செய்கிற ஒலிபெருக்கி வழியாகப் போனது. பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்க, இன்றுபோல மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. கூட்டம் போட்ட கூச்சலில் யாருக்கு என்ன கேட்டிருக்கும்? முன்னால் நிற்பவர்களின் உடம்பு ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொண்டேன் என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கச்சேரியைப் படமெடுத்து டி.வி.யில் போட்டார்கள். போடுவதற்கு முன், 1966 ஜனவரியில், லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்து சில பகுதிகளைத் திரும்பப் பாடி, வாசித்து ஒட்டினார்கள். நேரில் போனவருக்குப் பாட்டு கேட்கவில்லை. டி.வி.யில் கேட்டவருக்குக் கிடைத்தது முழுக்க அன்றைய பாட்டும் அல்ல.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க். டிக்கெட் போட்டு அவர்கள் பாடிய கடைசிக் கச்சேரி அதுதான். அது கடைசி என்று வந்தவர்களுக்குத் தெரியாது. பால் மெக்கார்ட்னி கேட்டுக்கொண்டபடி, அவர்களின் பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பேரோ ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தார். ஒரு பக்கம் அரை மணி நேரம். கடைசிப் பாட்டு பாதியில் இருக்கும்போது டேப் தீர்ந்துவிட்டது. அவர் திருப்பிப் போடவில்லை. அந்தப் பாட்டின் மிச்சம் அதில் இல்லை.

இதற்கெல்லாம் மேலே பி.பி.சி. இருக்கிறது. 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' 1964 ஜனவரி 1-ல் மான்செஸ்டரில் ஒரு பழைய சர்ச் கட்டடத்தில் ஆரம்பித்தது. வாராவாரம் நாட்டின் முக்கியமான பாடகர்கள் எல்லோரும் வந்தார்கள். அறுபதுகளில் வந்த அந்த நிகழ்ச்சிகளில் இன்று முழுமையாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தீ விபத்து, வெள்ளம் எதுவும் இல்லை. டேப் விலை அதிகம். அதனால் ஒளிபரப்பானதும் அழித்துவிட்டு, அதன்மேலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். மறுஒளிபரப்புக்குக் கலைஞர் சங்கங்களோடு போட்ட ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. வீட்டில் போட்டுப் பார்க்கிற வீடியோ என்பதே அப்போது இல்லை. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வேறு. அன்றைய கணக்கில் எல்லாமே நியாயமான காரணங்கள்தான். எனக்குப் பயமாக இருப்பதே அதனால்தான்.

பீட்டில்ஸ் அந்த ஸ்டூடியோ நிகழ்ச்சியில் நேரலையில் தோன்றியது ஒரே தடவை, 1966 ஜூன் 16-ல். ரெக்கார்டுக்கு வாயசைத்தார்கள், அது வேறு விஷயம். அந்த டேப் போய்விட்டது. 2019-ல் அதில் ஒரு துண்டு வெளியே வந்தது. எப்படி? அன்று யாரோ ஒருவர் வீட்டில், டி.வி. பெட்டிக்கு முன்னால் 8 மி.மீ. சினிமா கேமராவை வைத்துத் திரையைப் படமெடுத்திருந்தார். சத்தம் கிடையாது. இரண்டு நிமிடம்கூட இல்லை. நிலையம் காப்பாற்றாததை ஒரு வீடு காப்பாற்றியிருக்கிறது.

இனி நம் ஸ்டோர் ரூம். பெயின்டிங்குக்காகக் காலி செய்யும் பட்டியலில் 'பழைய கேசட், 2 பெட்டி, கழிவு' என்று ஒரு வரி இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதல் பொங்கல் விழா, குழந்தைகள் பாட்டுப் போட்டி, சி பிளாக் சார் ஹார்மோனியம் வாசித்த மாலை. அவர் இப்போது நம்மோடு இல்லை. இடம் வேண்டும், சரிதான். மாத முடிவு வரை கமிட்டியில் அவகாசம் வாங்கியிருக்கிறேன். யார் வீட்டுப் பரணிலாவது ஓடுகிற வி.சி.ஆர். இருந்தால் அசோசியேஷன் ஆபீஸில் சொல்லுங்கள். வீட்டிலும் இப்படிக் கேசட் இருந்தால், விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிடுங்கள். மேலே வேறெதுவும் பதிவாகாது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்க வேண்டாம். டேப்பும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும்.