மார்கழிக் காலையில் கரகரக்கும் வண்டி

மார்கழி விடியலில் ஏற்காட்டில் சாவியைத் திருப்பினால், சில கார்களில் ஒரு நொடி 'கிர்ர்ர்' என்று இரும்பு அரையும் சத்தம் கேட்கும். வெயில் ஏறினால் போய்விடும். மதியம் பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும்.

லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் மெக்கானிக்குகளிடம் காரணம் கேளுங்கள். முதலில், இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைத்தான் பார்ப்பார்கள். அதன் முனையில் ஏறக்குறைய 10 பல் கொண்ட சின்ன கியர், பென்டிக்ஸ். இன்ஜினின் பிளைவீலைச் சுற்றி 100-க்கும் மேற்பட்ட பற்களோடு ரிங் கியர். சாவியைத் திருப்பியதும் சின்னது முன்னால் பாய்ந்து பெரியதைக் கவ்வ வேண்டும். பழைய கிரீஸ் குளிரில் இறுகினால் அரைகுறையாகத்தான் கவ்வும். பல்லோடு பல் தேயும், அதுதான் அந்தச் சத்தம். குளிரில் பேட்டரியின் வலுவும் குறையும், அதனாலும் சரியாகக் கவ்வாமல் போகலாம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

கிளம்பிய பிறகு சக்கரத்தில் அரைந்தால் கதை வேறு. பனி ஈரத்தில் பிரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு பிடித்திருக்கும். நாலு பிரேக்கில் சரியாகும். ஆகாவிட்டால் பிரேக் பேடைப் பாருங்கள்.

செல்ஃப் சத்தத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரிங் கியர் தேய்ந்துவிட்டால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், செலவு பெரிது. வண்டியை முதல்நாள் மாலையே பட்டறையில் விடுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே கேட்கட்டும்.