குவே நதிக்கரையிலே



இன்றைய உரையில் உங்களைத் தாய்லாந்தின் மேற்கு எல்லைப்புறத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். பாங்கொக் நகரிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவில் காஞ்சனபுரி என்றொரு மாகாணம் இருக்கிறது. பெயரே நமக்கு அந்நியமானதன்று. பொன்னகரம் என்று பொருள். தொன்புரி நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறி அமர்ந்தேன். திறந்த யன்னல்களுக்கு வெளியே கரும்பும் மரவள்ளியும் மாறி மாறி வந்தன. தூரத்தே நீலமலைகள். மலையடிவாரத்தை நெருங்கும்போதுதான் ஆறு கண்ணில் படுகிறது.

ஆறு என்று ஒருமையிற் சொல்லலாகாது. குவே யாய், குவே நோய் என்று இரண்டு ஆறுகள். 'குவே' என்றால் தாய் மொழியிற் கிளையாறு. 'யாய்' பெரியது, 'நோய்' சிறியது. இரண்டும் காஞ்சனபுரி நகரருகே கூடி மே குளோங் என்ற பேராறாகின்றன. வெளிநாட்டார் பலர் 'குவாய்' என்று உச்சரிக்கிறார்கள். அது தாய் மொழியில் எருமையைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது!

பார்க்கத்தக்க இடங்கள் பல. குவே யாய்ப் பக்கம் எராவான் நீர்வீழ்ச்சி ஏழு படிகளாக இறங்குகிறது. எராவான் என்பது நமது ஐராவதமே. ஏழாம் படியின் பாறை மூன்று தலை யானையைப் போலத் தோன்றுவதால் அப்பெயர். குவே நோய்க் கரையில் முவாங் சிங், அதாவது சிங்க நகரம். கெமர் மரபிற் செம்பூரான் கல்லாற் கட்டிய பௌத்தக் கோயில் அங்கே சிதைந்து நிற்கிறது. அதற்கு அண்மையில் உள்ள பான் காவ், புதிய கற்கால மனிதர் வாழ்ந்த இடம். அதனைக் கண்டறிந்த கதை விசித்திரமானது. யப்பானியரிடம் போர்க்கைதியாகி, புகையிரதப் பாதையில் மண்வெட்டிய வான் ஹீக்கரன் என்ற ஒல்லாந்த அறிஞர், அந்த மண்ணிலே கற்கருவிகளைக் கண்டார். யுத்தம் முடிந்தபின், 1960களின் தொடக்கத்தில், தாய்லாந்து–டென்மார்க் ஆய்வுக் குழு அங்கு அகழ்வாய்வு நடத்தியது.

எங்கே சுற்றினாலும் அந்தப் புகையிரதப் பாதைக்கே வந்து சேர்கிறோம். தாய்லாந்தின் பான் பொங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீற்றர். 1942இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. காடும் மலையும் நிறைந்த அந்த நிலத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்ததென்றால், அதற்குக் கொடுத்த விலை மனித உயிரே. 'மரண இரயில்' என்ற பெயர் சும்மா வந்ததன்று. நரகத்தீக் கணவாய் என்றழைக்கப்படும் இடத்திலே நான் நின்றேன். கையுளியாலும் சுத்தியலாலும் பிளந்த பாறை இருபுறமும் சுவராக நிற்கிறது. இரவிலே தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புந்தோலுமான மனிதர் வேலை செய்த காட்சியே அந்தப் பெயரைத் தந்தது.

காஞ்சனபுரிப் பாலத்தைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். காரணம் ஒரு திரைப்படம். பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலை 1957இல் டேவிட் லீன் படமாக்கினார். ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற அந்தப் படத்திலே நாம் காண்பது குவே அன்று. நமது களனி கங்கை. கித்துல்கலவிலே பாலம் கட்டி, அங்கேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். மெய்யான பாலமோ இன்றும் நிற்கிறது. வளைந்த இரும்புச் சட்டங்கள் யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. குண்டு வீச்சில் அழிந்த நடுப்பகுதி மட்டும் யுத்தத்தின் பின் புதிதாக அமைந்தது.

நேயர்களே, இந்த இடத்திலே ஒரு கேள்வி எழுகிறது. நகரின் யுத்த மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. புல் சீராக வெட்டப்பட்டு, பெரும்பாலான கல்லிலே பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்திருக்கின்றன. பாதை அமைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். மாண்டவர் 12,000 பேருக்கு மேல். ஆனால் அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் அளவினர். அவர்களில் மாண்டவர் 90,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களிலே மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர். அந்த மயானத்திலே வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். தோட்டத்துத் தமிழனின் பெயரை எங்கும் காணவில்லை.

படையினருக்குப் பதிவேடு இருந்தது. கணக்கு வைக்க அதிகாரி இருந்தார். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி எவருமில்லை. யுத்தத்தால் இறப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் அரிசியும் இல்லாத நாளிலே கூலி தருவதாக அழைத்தார்கள். பின்னர் ஆள் போதாமல், பலாத்காரமாகப் பிடித்தார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தார்கள். கூட்டாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். கல் நாட்ட எவருமில்லை.

இலக்கியமும் இந்தப் பாரபட்சத்துக்கு விலக்கன்று. பூல் யுத்தத்துக்கு முன் மலாயா இறப்பர்த் தோட்டத்திலே பணிபுரிந்தவர். தமிழ்த் தொழிலாளரை நேரிற் கண்டவர். இருந்தும் அவரது கதையின் மையம் ஓர் ஆங்கிலேயத் தளபதியின் பிடிவாதமே. 2014இல் புக்கர் பரிசு பெற்ற ரிச்சர்ட் பிளனகனின் நாவல் அவுஸ்திரேலியக் கைதிகளை நடுவில் நிறுத்துகிறது. அவர்கள் தம்மவரை எழுதினார்கள். அதிலே குறைகூற இடமில்லை. நம்மவரை எழுத வேண்டியவர் நாம். மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்ற நாவலையும் தந்து அந்தக் கடனிற் சிறு பகுதியைத் தீர்த்திருக்கிறார்கள். 2023இல் காஞ்சனபுரியிலே தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு நடுகல்லும் எழுந்தது. எண்பது ஆண்டு கழித்தேனும் எழுந்ததே!

வம்புவெட்டிக் காணி திருத்திய, தேயிலைக்கும் கோப்பிக்கும் பாதை வெட்டிய தொழிலாளரின் நாட்டிலிருந்து போனவன் நான். வாங் போவிலே மலைச்சரிவை ஒட்டி மரத்தூண்கள் மேல் வண்டி ஊர்ந்து செல்கிறது. கீழே குவே நோய் பச்சையாக ஓடுகிறது. பயணிகள் யன்னலுக்கு வெளியே தலைநீட்டிப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்; அழகான இடந்தான். நேயர்களில் எவரேனும் அங்கு செல்வீர்களாயின், அந்தத் தூண்களை ஒருகணம் கூர்ந்து பாருங்கள். நம் மொழியிலே தாயை அழைத்து மாண்டவர்கள் சுமந்த பாரம் அது. மயானத்தில் இல்லாத பெயர்களை நமது நூல்களிலேனும் எழுதி வைப்போம்.