தச்சுமேசை அமைப்போம்



தச்சுப் பட்டறையில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது, பிறர் அறுக்கும்போது மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. ஆண்டுகள் பல சென்றும் உளி அவன் கைக்கு வராமற்போவதை நாம் கண்டிருக்கிறோம். பிடிக்கும் வேலையை ஒரு மேசையிடம் ஒப்படைத்துவிட்டால் நம் இரு கைகளும் உளிக்கு உரியனவாகும். துளையிட்ட பலகையுடைய தச்சுமேசை அத்தகையது. அதனை நம் சங்கக் கொட்டகையிலேயே நாம் அமைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுத் தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து வேலை செய்வது நெடுநாள் வழக்கம். சிறுவயதிலேயே தந்தையிடம் கற்றோர்க்கு அது எளிது. வளர்ந்தபின் தொழில் பழக வருவோர்க்கு மேசையே துணை.

அதன் நீளம் 180 செ.மீ., அகலம் 60 செ.மீ. இருக்கட்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கும் அளவே உயரம். கால்களுக்கும் சட்டங்களுக்கும் நன்கு உலர்ந்த வேம்போ வாகையோ போதும். கால்கள் 7.5 செ.மீ. சதுரமாக இருக்கலாம். சட்டத்தின் முனையில் நாக்கு வெட்டி, காலில் பொளிந்த துளையில் செருகி இறுக்க வேண்டும். இழைப்புளி தள்ளும்போது மேசை நகரலாகாது. ஆகவே அது கனமாக இருப்பதே நல்லது.

மேற்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் பலகை இரண்டினைப் பசையிட்டு ஒட்டினால் 36 மி.மீ. கனம் கிடைக்கும். அதில் 19 மி.மீ. குறுக்களவுள்ள துளைகளை 10 செ.மீ.க்கு ஒன்றாக இடவேண்டும். நீளவாக்கில் 17, அகலவாக்கில் 5. ஆக 85 துளைகள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை அளந்து செல்லலாகாது. அரை மி.மீ. பிழை 16 இடைவெளிகளில் 8 மி.மீ. ஆகிவிடும். எல்லா அளவும் ஒரே ஓரத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்துத் துளையிட்டால் மறுபுறம் சிராய் பெயராது.

வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே பயன்படும். மூலைத் துளையிலிருந்து நீளவாக்கில் நான்காம் துளை 30 செ.மீ.; அகலவாக்கில் ஐந்தாம் துளை 40 செ.மீ. அவ்விரண்டிற்கும் இடையே 50 செ.மீ. இருப்பின் செங்கோணம் சரி. பின்னர் அம்மேசையே நமக்கு மூலைமட்டமாகும்.

துளைகளில் செருகக் கடின மரத்தில் முளைகள் கடைந்துகொள்ள வேண்டும். மரத்தின் ஒரு முனையை ஒரு முளையில் முட்டவைத்து, மறுமுனைக்கும் வேறொரு முளைக்கும் இடையே இரண்டு ஆப்புகளை எதிரெதிராகத் தட்டினால் மரம் அசையாது. முளையின் தலை மரத்தின் மேல்மட்டத்திற்குக் கீழே நிற்கவேண்டும்; இல்லையேல் இழைப்புளியின் அலகு கெடும்.

“படிக்கும் பிள்ளையை மீண்டும் கைத்தொழிலுக்கு அனுப்புவதா?” என்று பெரியோர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்விதான். 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் அரசு கைவிட்டது. அத்திட்டம் பிள்ளையைப் பிறப்பால் வந்த தொழிலோடு கட்டியது. நாம் சொல்வதோ, பிறப்பின் பேரால் நமக்கு மறுக்கப்பட்ட தொழிலை, படிப்பில் ஒரு மணி நேரமும் குறையாமல், விரும்பிக் கற்பது.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 1973-இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கியது. அவ்விடங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், முன்பே உளி பிடித்த கையோடு செல்லட்டும். முதல் மேசையை வரும் கோடை விடுமுறையில் தொடங்குவோம். அது முடிந்ததும், இரவுப் பள்ளிக்கு வேண்டிய பெஞ்சுகளை அதன்மேல் வைத்து நாமே செய்வோம்.