லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: கண்ணாடிக்கு அப்பால் எட்டு கோடி

லண்டன் மாநகரின் சவுத் கென்சிங்டன் பகுதியில், கிராம்வெல் சாலையை ஒட்டி நீளமாக நிற்கிறது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். வெளிர்மஞ்சளும் நீலச்சாம்பலும் பட்டை பட்டையாக மாறிவரும் சுடுமண் பலகைகள் அதன் முகப்பு முழுவதையும் போர்த்தியிருக்கின்றன. சுவரில் சற்றே கண்ணை ஓட்டினால் விலங்குகளின் உருவங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். மேற்குப் பக்கத்தில் இருப்பவை இன்றும் உலகில் வாழும் உயிர்கள்; கிழக்குப் பக்கத்தில் இருப்பவை அழிந்துபோனவை. கட்டடத்தை வடிவமைத்தவர் ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ். உயிரினங்களை இப்படிப் பிரித்து வைக்கச் சொன்னவர் ரிச்சர்ட் ஓவன். 'டைனோசர்' என்ற பெயரை 1842-இல் உலகுக்குத் தந்த அறிஞர் இவரே.

அருங்காட்சியகத்தின் கதை இந்தக் கட்டடத்தைவிடப் பழையது. ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் செடி, சிப்பி, பூச்சி, கல், நாணயம், நூல் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1753-இல் அவர் காலமானதும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். நூறாண்டுக்குள் அங்கே இடம் போதவில்லை. இயற்கைப் பொருள்களுக்குத் தனி வீடு வேண்டும் என்று ஓவன் விடாமல் வாதாடினார். 1881 ஏப்ரல் 18 அன்று அந்த வீடு திறக்கப்பட்டது. அறிஞருக்கு மட்டுமின்றி எல்லாத் தரப்பு மக்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்பதும் ஓவனின் பிடிவாதம். இடையில் 1987-இல் நுழைவுக் கட்டணம் வந்தது. 2001 டிசம்பரில் அது நீங்கியது. இன்று ஆண்டுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வருகிறார்கள்.

வாசலைத் தாண்டினால் ஹின்ட்ஸே மண்டபம். ஒரு பேராலயத்தின் உட்புறம்போல் வளைவுகள் உயர்ந்து செல்கின்றன. கூரையில் 162 ஓவியப் பலகைகள்; ஒவ்வொன்றிலும் செடி கொடிகள். அந்தக் கூரைக்குக் கீழே, தலையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, கடலுக்குள் பாய்வதுபோல் தொங்குகிறது ஒரு நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. நீளம் 25.2 மீட்டர், எடை நாலரை டன். வாசலில் நுழைபவருக்கு முதலில் தெரிவது தாடை. மண்டபத்தின் நடுவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் விலா எலும்புகளின் வரிசை தலைக்கு மேலே போகிறது. மாடிக்கு ஏறினால் முதுகெலும்பு கண்ணுக்கு நேராக வருகிறது. ஒரே பொருளை மூன்று உயரங்களில் நின்று பார்க்கும் ஏற்பாடு இது.

1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு துறைமுகத்து மணல்திட்டில் சிக்கிய பெண் திமிங்கிலம் அது. அருங்காட்சியகம் எலும்புகளை வாங்கியது; 1934 முதல் பாலூட்டிகள் கூடத்தில் அவை இருந்தன. 2017 ஜூலையில் மைய மண்டபத்துக்கு இடம் மாறின. 'ஹோப்', அதாவது நம்பிக்கை, என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பெயருக்குக் காரணம் உண்டு. வேட்டையால் அற்றுப்போகும் நிலைக்கு வந்த நீலத்திமிங்கிலத்தைக் காக்க 1966-இல் உலக அளவில் தடை விதிக்கப்பட்டது. ஓர் உயிரினத்தை அழிவின் விளிம்பு வரை தள்ளிய மனிதன் நினைத்தால் மீட்கவும் முடியும் என்பதை வாசலிலேயே சொல்ல அருங்காட்சியகம் விரும்பியது.

அதே இடத்தில் முன்பு நின்றது டிப்ளோடோகஸ் என்ற டைனோசரின் அச்சுப் பிரதி. அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் அளித்த கொடை அது. மக்கள் செல்லமாக 'டிப்பி' என்றார்கள். மண்டபத்தை விட்டுப் போன டிப்பி கிடங்கில் முடங்கவில்லை. 2018 முதல் 2021 வரை பிரிட்டன் முழுவதும் எட்டு ஊர்களுக்குச் சென்றது. ஏறத்தாழ இருபது லட்சம் பேர் அதைக் கண்டார்கள். லண்டன் வர வசதியில்லாத சிறுவர்களின் ஊருக்கு அருங்காட்சியகமே போய்ச் சேர்ந்த பயணம் அது.

கூடங்களில் காட்சிக்கு இருப்பது இங்குள்ள செல்வத்தில் ஒரு சிறு துளி. மொத்தச் சேகரிப்பு எட்டு கோடி மாதிரிகளுக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இழுப்பறைகளிலும் அலமாரிகளிலும் சீசாக்களிலும் இருக்கின்றன. பாடம் செய்த ஒரு பறவையின் காலில் நூலில் கட்டிய சிறு சீட்டு தொங்கும். எந்த ஊர், எந்த நாள், யார் சேகரித்தது என்று அதில் மையால் எழுதியிருக்கும். ஆய்வாளருக்குப் பறவை எவ்வளவு முக்கியமோ சீட்டும் அவ்வளவு முக்கியம். ஊரும் நாளும் தெரியாத உடல் வெறும் அலங்காரப் பொருள். அவை தெரிந்தால் அதுவே அந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் சாட்சி.

இதை உலகம் ஒரு திருட்டின் மூலம் உணர்ந்தது. அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பு லண்டனுக்கு வெளியே டிரிங் என்ற ஊரில் இருக்கிறது. 2009-இல் ஓர் இசை மாணவர் அங்கே சன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவை உடல்களை எடுத்துச் சென்றார். சால்மன் மீனைப் பிடிக்கும் தூண்டிலில் கட்டும் வண்ண இறகுகளுக்காக நடந்த களவு அது. முழுதாக மீண்டவை 174. சீட்டோடு மீண்டவை 102. சீட்டு அறுபட்டவை திரும்பி வந்தும் ஆய்வுக்கு ஏறக்குறைய இழந்தவையே.

சீட்டோடு கூடிய பழைய மாதிரி என்ன செய்யும் என்பதற்குப் பறவை முட்டைகள் சான்று. 1950-களில் பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் கூடுகளில் முட்டைகள் நொறுங்கிக் கிடந்தன. காரணம் புரியவில்லை. டெரெக் ராட்கிளிஃப் என்ற அறிஞர், அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டைகளின் ஓடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதை 1967-இல் அறிவித்தார். டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவிய காலமும் அதுவே. முட்டைகளைச் சேகரித்தவர்கள் பூச்சிக்கொல்லியை நினைத்துச் சேகரிக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்த கேள்விக்கு அவை விடை சொல்லின. ஹோப் திமிங்கிலத்தின் வாயிலிருந்த சல்லடைத் தகடுகளும் அப்படியே. நூறாண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்த அவற்றின் வேதிக்கூறுகளை அண்மையில் ஆராய்ந்து, அந்தத் திமிங்கிலம் கடைசி ஏழாண்டுகள் அட்லாண்டிக் கடலில் எங்கெங்கே திரிந்திருக்கும் என்று கணித்தார்கள்.

இத்தனை வேலையும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தால், வெளியே நிற்பவருக்கு அருங்காட்சியகம் பழம்பொருள் கிடங்காகவே தோன்றும். அந்தக் கதவைத் திறக்கும் முயற்சியாகவே டார்வின் மையம் கட்டப்பட்டது. அதன் முதற்பகுதி 2002-இல் திறந்தது. மீன், பாம்பு, தவளை, நண்டு என்று திரவத்தில் பதப்படுத்திய 2.2 கோடி மாதிரிகள் அங்கே இருக்கின்றன. அலமாரித் தட்டுகளை நீட்டி வைத்தால் 27 கிலோமீட்டர். வழிகாட்டியோடு சிறு குழுக்களாக உள்ளே போகலாம். குளிரான அறை, இருபுறமும் வரிசை வரிசையாகச் சீசாக்கள்; டார்வின் தம் கடற்பயணத்தில் பிடித்த உயிரினங்களும் அவற்றுள் உண்டு. கீழ்த்தளத்தில் நீண்ட தொட்டி ஒன்றில் 8.62 மீட்டர் நீளமுள்ள ராட்சதக் கணவாய் கிடக்கிறது. 2004-இல் பால்க்லாந்து தீவுகளுக்கு அருகே மீன்பிடி வலையில் அகப்பட்டது அது.

இரண்டாம் பகுதி 2009-இல் திறந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் எட்டு மாடி உயரத்துக்கு எழும் வெண்ணிறக் கட்டமைப்பு; வடிவத்தில் பட்டுக்கூடு போன்றது. பூச்சிகளும் உலர்தாவரங்களும் அதற்குள் பாதுகாக்கப்படுகின்றன. அதைச் சுற்றிச் சரிவாக இறங்கும் பாதையில் நடப்பவர், சன்னல் வழியே ஆய்வாளர் ஊசியில் வண்டு குத்துவதையும் தாளில் இலை ஒட்டுவதையும் காணலாம். அருங்காட்சியகம் இங்கே பொருளை மட்டுமின்றித் தன் தொழிலையும் காட்சிக்கு வைத்திருக்கிறது.

பார்ப்பவரைப் பங்காளியாக்குவது அடுத்த படி. அதே மையத்தில் ஒரு பிரிவுக்கு யாரும் தங்கள் தோட்டத்தில் கண்ட பூச்சியையோ கடற்கரையில் எடுத்த கல்லையோ கொண்டுபோய் அது இன்னதென்று கேட்டறிய ஏற்பாடு செய்தார்கள். 2009-இல் தொடங்கிய கடற்பாசித் தேடல் திட்டத்தில், கரையில் நடக்கப் போகிறவர்கள் குறிப்பிட்ட பாசி வகைகள் எங்கெங்கே வளர்கின்றன என்று பதிந்து அனுப்புகிறார்கள். கடல் சூடாவதால் அவை இடம்பெயர்கின்றனவா என்பது கேள்வி. 2015-இல் காட்டு ஆர்க்கிட் மலர்களை மக்கள் படம் பிடித்து அனுப்பினார்கள். கூடவே, பழைய உலர்தாவரத் தாள்களின் சீட்டுகளை இணையத்தில் வாசித்துப் படியெடுத்தார்கள். அன்று எந்த நாளில் பூத்தது, இன்று எந்த நாளில் பூக்கிறது என்ற ஒப்பீட்டுக்கு இரண்டும் வேண்டும். இறந்துபோன சேகரிப்பாளரின் கையெழுத்தும் இன்றைய வழிப்போக்கரின் கைப்பேசிப் படமும் ஒரே அட்டவணையில் சேர்கின்றன.

குழந்தைகளுக்கென்று தனி ஏற்பாடுகள் உண்டு. டைனோசர் எலும்புகளுக்கு நடுவே இரவு முழுவதும் படுத்துறங்கும் நிகழ்ச்சிக்கு நல்ல வரவேற்பு. கூட்டமும் இரைச்சலும் தாங்காத ஆட்டிசக் குழந்தைகளுக்காக, பொதுமக்கள் வருமுன் காலையிலேயே கூடங்களைத் திறந்துவிடும் நாள்களும் உண்டு.

லண்டனுக்கு வர முடியாதவர்களுக்கு எண்ணிம வாசல் இருக்கிறது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளின் விவரங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டு கோடியில் இது சிறு பங்குதான். ஆனால் அதன் தேவை தமிழ்நாட்டுக்கும் உண்டு. 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற சென்னை மாகாண அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்துப் புதிய இனங்களுக்குப் பெயரிட்டார். சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் பல அவற்றில் அடக்கம். பெயரிடுவதற்கு ஆதாரமான வகைமாதிரிகள் பின்னர் இந்த அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. புதுச்சேரி மண்ணில் இன்று ஓர் அம்மோனைட்டைக் கண்டெடுப்பவர் அதன் பெயரை உறுதிசெய்ய, கடல் கடந்து லண்டனில் இருக்கும் கல்லோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தச் சேகரிப்புகள் எப்படி வந்தன என்ற கேள்வியும் இப்போது கூடங்களில் ஒலிக்கிறது. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பங்கு ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பால் நடந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. பேரரசின் கப்பல்கள் சென்ற வழியேதான் செடியும் பறவையும் வந்தன. சீட்டில் பெயர் பொறிக்கப்பட்டவர் ஐரோப்பியர். காட்டில் வழிகாட்டியவரும் பிடித்துக் கொடுத்தவரும் பெரும்பாலும் பெயரில்லாமல் போனார்கள். அந்த விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்ப்பதும் இன்றைய அருங்காட்சியகப் பணிகளில் ஒன்றாகிவிட்டது.

அறிவியலில் கருத்து மாறுவதை மைய மண்டபத்துப் படிக்கட்டே காட்டுகிறது. 1885-இல் அங்கே வைத்த டார்வின் சிலையை 1927-இல் நகர்த்திவிட்டு ஓவன் சிலையை வைத்தார்கள். ஓவன் டார்வினின் பரிணாமக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். டார்வினின் இருநூறாவது பிறந்த ஆண்டை முன்னிட்டு 2008-இல் சிலைகள் மறுபடி இடம் மாறின. இன்று படிக்கட்டின் மேலே அமர்ந்திருப்பவர் டார்வின்.

கட்டடத்துக்கு வெளியே, 2024 ஜூலையில் புதிய தோட்டங்கள் திறக்கப்பட்டன. ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையிலிருந்து ஏறி வருபவர் முதலில் மிகப் பழைய பாறைகளைக் காண்கிறார். நடக்க நடக்கக் காலம் முன்னேறி, வெண்கலத்தில் வார்த்த டிப்ளோடோகஸைக் கடந்து, மனிதன் தோன்றிய காலத்துக்கு வந்து சேர்கிறார். மறுபக்கம் குளமும் புல்வெளியும். நகரத்துக்குள் எந்தெந்த உயிர்கள் வாழ்கின்றன என்று அறிவதற்கு அங்கே ஒலியைப் பதியும் கருவிகளும் வேலை செய்கின்றன.

சேகரிப்பின் ஒரு பெரும்பகுதி விரைவில் லண்டனை விட்டுப் போகவிருக்கிறது. ரெடிங் நகருக்கு அருகே புதிய அறிவியல் மையம் எழும்புகிறது; 2.8 கோடி மாதிரிகள் அங்கே மாறும். பழைய கட்டடத்தின் வெப்பமும் ஈரமும் இடநெருக்கடியும் அவற்றுக்கு ஆகாது என்பதே காரணம். இடமாற்றத்துக்காக ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துக் கணக்கிட வேண்டியிருப்பதால், அவற்றின் விவரங்களை இணையத்தில் ஏற்றும் பணிக்கும் இதுவே வாய்ப்பு. சவுத் கென்சிங்டனில் காலியாகும் அறைகள் பொதுமக்களுக்கான கூடங்களாகும்.