நனைப்பதற்கு முன் ஒரு பார்வை



பெங்களூருவில் எந்தச் சலூனில் போய் உட்கார்ந்தாலும், கழுத்தில் துணியைக் கட்டியவுடன் தொழிலாளியின் கைக்கு முதலில் வருவது கத்தரி அல்ல, தண்ணீர் பாட்டில். சிவாஜிநகர் சந்தில் இரண்டே நாற்காலி போட்ட கடையும் அப்படித்தான், இந்திராநகர் நூறடிச் சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பார்லரும் அப்படித்தான். புஸ் புஸ்ஸென்று தலையை நனைத்து, சீப்பால் படிய வாரி, அதன் பிறகே வெட்டு ஆரம்பமாகிறது. முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். வீடு வந்து முடி காயக் காயத்தான் வயிற்றைக் கலக்கும். தோளைத் தொட வேண்டிய சுருள் காதுப் பக்கம் ஏறியிருக்கும். உச்சியில் நாலு முடி விறைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஏமாற்றத்துக்குப் பின்னால் முடிதிருத்தும் கலையில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வாதம் இருக்கிறது. முடியை நனைத்து வெட்டுவதா, உலர்ந்திருக்கும்போதே வெட்டுவதா என்பதே அது. ஒப்பனை உலகத்தின் சின்னச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தண்ணீர் பட்டால் முடியின் உடல் மாறுகிறது, அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பலவகைப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை, வெறும் தண்ணீருக்கு அசையாதவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் அப்படியல்ல. ஈரம் பட்டதும் அவிழ்ந்து, காயும்போது மறுபடி கூடிக்கொள்ளும். நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்துவிடுகிறது, பருமனிலும் ஊதுகிறது. அந்தப் பாரத்தில் சுருள் நீள்கிறது, சீப்பு இழுக்கும்போது இன்னும் நீள்கிறது. அந்த நீளத்தை நம்பிக் கத்தரி விழுகிறது. காய்ந்ததும் முடி தன் பழைய சுருளுக்கே திரும்பிவிடுகிறது.

ஈரத்துக்கும் முடியின் நீளத்துக்கும் உள்ள இந்த உறவை விஞ்ஞானிகள் வெகுகாலம் முன்பே பயன்படுத்திக்கொண்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஹொராஸ் பெனடிக்ட் தெ சொசூர் 1783-இல் மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்றை விவரித்தார். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், அதோடு இணைத்த முள் நகரும். இந்த வகைக் கருவிகள் வானிலை நிலையங்களில் பல தலைமுறை வேலை செய்தன. சென்னையில் பொம்மென்று ஊதிக் கிடந்த சுருட்டை முடி, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூருவின் பிப்ரவரி, மார்ச் மாத உலர்காற்றில் வேறு குணம் காட்டுவது இதனால்தான். வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள் பலரும் கவனித்திருப்பார்கள். ஊரில் பத்து வருடம் பழகிய வெட்டு இங்கே அதே மாதிரி உட்காராது.

நனைப்பது தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கருவிக்குக் கருவி தேவை வேறு. சவரக்கத்திக்குத் தண்ணீர் வேண்டும். நனைந்த முடி இளகி, கத்திக்கு எளிதில் வழிவிடுகிறது. திருப்பதியிலும் பழனியிலும் மொட்டைக்கு முன் தலையை நன்றாக நனைத்துத் தேய்ப்பது அதற்குத்தான். மின்சார மெஷினுக்கோ ஈரம் ஆகாது. முடி ஒட்டிக்கொண்டு, பற்களுக்குள் சீராகப் புகாது. ஆண்கள் ‘மெஷின் கட்டிங்’ என்று கேட்டு வாங்குவதெல்லாம் பெரும்பாலும் உலர்வெட்டுதான். இரண்டு நிலையிலும் வேலை செய்யக்கூடியது கத்தரி ஒன்றுதான், ஆகவே சர்ச்சை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

நனைத்து வெட்டும் முறைக்கு உலகப் பெருமை தேடித் தந்தவர் லண்டனின் விடால் சசூன். 1928-இல் பிறந்து, சிறுவயதில் சில ஆண்டுகள் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்து, பதின்ம வயதில் தொழில் கற்கச் சேர்ந்தவர். 1954-இல் பாண்ட் தெருவில் சொந்தக் கடை திறந்தார். அன்றைய பெண்கள் வாரந்தோறும் சலூனுக்குப் போய், உருளை சுற்றி, சூடான மூடிக்குள் தலையை வைத்து, கூந்தலை ஒரு வடிவத்தில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை வேண்டாம், வெட்டு சரியாக அமைந்தால் குளித்துவிட்டுத் தலையை ஒரு உதறு உதறினால் போதும் என்றார் சசூன். 1963-இல் நடிகை நான்ஸி குவானுக்கு அவர் வெட்டிய ‘பாப்’ பெரும்புகழ் பெற்றது. நனைத்த முடியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒரே இழுவிசையில் பிடித்து, கோடு கிழித்ததுபோல் வெட்டும் அவருடைய முறை பல நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பாடமாயிற்று. அவர் 2012-இல் மறைந்தார். பெண்களின் நேரத்தை அவர்களுக்கே மீட்டுக் கொடுத்த சாதனை அது, அதை இன்றைக்கும் குறைத்து மதிப்பிட இடமில்லை.

ஆனால் அந்த நேர்கோடு படிந்து விழும் முடிக்குப் பொருந்தியது. நம் ஊர் வழக்கில் கோரை முடி என்போமே, அதற்கு ஈரத்திலும் உலர்விலும் நீளம் பெரிதாக மாறாது. சுருட்டை முடியின் கதை வேறு. நியூயார்க்கில் கடை நடத்திய ஜான் சஹாக், 2005-இல் இறக்கும்வரை உலர்வெட்டுக்காகவே பேர் பெற்றிருந்தார். இங்கிலாந்தில் பிறந்து அதே நகரத்தில் தொழில் செய்த லொரெய்ன் மாஸி, சுருட்டை முடியை உலர்ந்த நிலையில், சுருள் சுருளாகப் பார்த்து வெட்ட வேண்டும் என்று வாதாடினார். 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய புத்தகம் உலகெங்கும் சுருட்டை முடிக்காரர்களுக்குத் தைரியம் கொடுத்தது. இந்தியப் பெண்கள் பலர் முடியை நீட்டி இழுத்து வேகவைப்பதை நிறுத்தியதில் அந்த இயக்கத்துக்கும் பங்குண்டு. நல்ல காரியம்.

இதற்கு மேலே போய், உலர்வெட்டு ஒன்றே சரி என்று சிலர் சத்தியம் செய்வதை ஏற்க முடியாது. ஒரே தலையில் பிடரியில் ஒரு குணம், நெற்றியோரத்தில் ஒரு குணம், உச்சியில் இன்னொன்று. இரட்டைச் சுழிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இரட்டைச் சுழி குறும்புக்கும் கல்யாண ஜோசியத்துக்கும் பேர்போனது, கத்தரிக்கோ அது உண்மையான சோதனை. இரண்டு சுழியும் எதிரெதிராகத் தள்ளும் இடத்தில் முடி இயல்பாகவே எழுந்து நிற்கும். தண்ணீர் அடித்தால் சமர்த்தாகப் படுத்துவிடும். படுத்திருப்பதை நம்பிக் குட்டையாக வெட்டினால், காய்ந்ததும் முள்ளாக நிற்கும். நனைப்பதற்கு முன் உச்சியை ஒரு தடவை விரலால் கோதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சொல்ல வந்த விஷயம் இதுதான். ஈரமா உலர்வா என்பதற்கும் முன்னால் வர வேண்டியது பார்வை. முடி தன் இயல்பில் எப்படி விழுகிறது, எங்கே சுருள்கிறது, எங்கே அடர்த்தி, எங்கே சொட்டை தொடங்குகிறது என்று நனைக்காமல் ஒரு நிமிடம் பார்ப்பது. கர்நாடகத்தில் சவிதா சமாஜத்தினரும் தமிழ்நாட்டில் மருத்துவர் சமூகத்தினரும் முடிதிருத்துவதோடு வைத்தியமும் நாகஸ்வரமும் காத்து வந்தவர்கள். தொட்டுப் பார்த்து அறிகிற அறிவு அவர்கள் கைகளுக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் அந்த ஒரு நிமிடத்தை விழுங்கிவிடுகிறது. வெளியே பத்துப் பேர் காத்திருக்க, நனைத்து வாரினால் எல்லாத் தலையும் ஒன்றுபோல் ஆகிவிடும், வேலையும் சீக்கிரம் முடியும். காலையிலிருந்து நின்றுகொண்டே உழைக்கும் ஒருவரை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த நிமிடத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு.

கேட்கும் விதமும் முக்கியம். டெல்லியின் ஐந்து நட்சத்திர விடுதியொன்றின் சலூனில் 2018 ஏப்ரலில் நடந்ததை நாடே பேசியது. அடியிலிருந்து 4 அங்குலம் வெட்டச் சொன்னதாகவும், கடைசியில் உச்சியிலிருந்து 4 அங்குலம்தான் மிஞ்சியதாகவும் ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021 செப்டம்பரில் அவருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. நஷ்டத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. ஆணையம் மறுபடியும் அதே தொகையை விதிக்க, விவகாரம் மீண்டும் உச்ச நீதிமன்றம் ஏறியது. தொகை பற்றிய சட்ட வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நாலு அங்குலம் என்ற ஒரே அளவு, எங்கிருந்து எதுவரை என்பதில் தடம் மாறினால் என்ன ஆகும் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. பெங்களூரு கடைகளில் கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே கண்ணாடி முன்னால் கலக்கின்றன. ‘கொஞ்சம்’, ‘ஸ்வல்ப’, ‘தோடா’ என்று எந்த மொழியில் சொன்னாலும் அளவு தெரியாது. உலர்ந்த முடியை விரலால் பிடித்து, இதுவரை வேண்டும் என்று கண்ணாடியில் காட்டுவதே பத்திரம்.

இன்னொன்று, எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தலை உலர்ந்த தலை ஆகாது. கற்றை கற்றையாக ஒட்டி, ஈர முடியைப் போலவே ஏமாற்றும். உலர்வெட்டு வேண்டுமானால் முந்தின நாளோ அன்றோ தலைக்குக் குளித்து, கொண்டை போடாமல், தானாகக் காயவிட்டுப் போக வேண்டும். புறநகர்க் குடியிருப்புகளின் போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு உப்பு படிந்து முடி சொரசொரப்பாக இருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். சுருட்டைக்கு உலர்வெட்டு, கோரைக்கு ஈரவெட்டு, இரண்டுக்கும் கடைசியில் முழுவதும் காயவைத்து ஒரு சரிபார்ப்பு. நல்ல தொழிலாளிகள் பலர் இப்படித்தான் இரண்டையும் கலந்து செய்கிறார்கள்.

ஒரே கையிடம் தொடர்ந்து போவதிலும் பலன் இருக்கிறது. பெங்களூருவின் ரமேஷ் பாபு, முடிதிருத்தும் தந்தையைச் சிறுவயதில் இழந்து, குடும்பக் கடையைப் பின்னாளில் தானே எடுத்து நடத்தியவர். 1990-களில் ஒரு மாருதி ஆம்னி வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கி, 2011-இல் ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் வாங்கும் அளவுக்கு உயர்ந்தார். அதற்குப் பிறகும் கத்தரியைக் கீழே வைக்காமல் வாடிக்கையாளர்களுக்குத் தாமே முடிவெட்டினார். எத்தனை கார் வந்தாலும் தொழிலும் வாடிக்கையும் விட்டுப்போகவில்லை. அப்படிப் பழகிய கைக்கு ஒரு தலையின் சுழி, சுருள், பிடரி எல்லாம் மனப்பாடம்.

சரி, வெட்டு கெட்டே போய்விட்டது. இனி? முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். 5 சென்டிமீட்டர் அதிகமாகப் போயிருந்தால் ஏறக்குறைய ஐந்து மாதக் காத்திருப்பு. கோபத்தில் அன்றைக்கே வேறு கடைக்கு ஓடி, சமப்படுத்துகிறேன் என்று இன்னும் குறைத்துக்கொள்வது பெரிய இழப்பு. இரண்டு மூன்று முறை குளித்துக் காயவிட்டுப் பார்த்தால், கடையில் ஊதி வாரிய வடிவம் போய், வெட்டின் உண்மையான குறை எது என்று தெரியும். வகிட்டைப் பக்கம் மாற்றினால் பாதிக் குறை மறைவதுண்டு. நீளக் கூந்தலுக்குப் பின்னலும் மல்லிகையும் இருக்கவே இருக்கின்றன. அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல் வைத்த கத்தரியைச் சுருட்டை முடியில் ஓட்ட மட்டும் விடக்கூடாது. குட்டை முடிகள் உள்ளிருந்து கிளம்பிப் பரட்டையாக்கிவிடும்.

ஒரு வாரத்துக்குள் வெட்டியவரிடமே திரும்பிப் போய், எது பிடிக்கவில்லை என்று நிதானமாகக் காட்டினால், பெரும்பாலானவர்கள் காசு வாங்காமல் சரிசெய்து தருவார்கள். தலைக்குக் குளித்து நன்றாகக் காயவிட்டுப் போக வேண்டும், அங்கே மறுபடி நனைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை, ஞாயிறு கூட்டம் தாங்காது. புதன், வியாழன் முற்பகல்தான் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும் வேளை.