தோட்டாவும் துப்பாக்கியும்

தாம்பரத்திலிருந்து பட்டணம் நோக்கி மின்சார ரயிலில் செல்பவர்கள் பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களைக் கடந்து செல்கிறார்கள். இவை படைத்துறையின் நெடுங்கால உறைவிடங்கள். ஒரு காலத்தில் சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்தது பரங்கிமலை. இன்று அங்கே இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்கும் கழகம் இருக்கிறது. தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருக்கிறது. இப்பகுதிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, தரையில் குப்புறப் படுத்துச் சிறு ரைபிளால் குறிபார்த்துச் சுட்ட மாணவர்கள் பலர். சுட்டுவிட்டு வந்து அவர்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு: "ஐயா, துப்பாக்கி சரியில்லை, விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை." துப்பாக்கி சரியில்லையா, தோட்டா சரியில்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்வியையே இன்று சற்று விரிக்க எண்ணுகிறேன்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அடிபட்டவுடன் தீப்பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. மாணவர் படையின் .22 தோட்டாவில் தனிக் கேப்பு கிடையாது. கூட்டின் அடிவிளிம்பு உள்ளீடற்றது. தீப்பற்றும் பொருளை அதனுள் சுற்றிலும் பரப்பியிருப்பார்கள். எங்கேனும் ஓரிடத்தில் அது பரவாது நின்று, ஊசி அவ்விடத்திலேயே அடித்தால் தோட்டா மௌனம் சாதிக்கும். அந்தக் குற்றம் ரைபிளைச் சேர்ந்ததன்று.

கையால் பூட்டைத் திறந்து மூடிச் சுடும் ரைபிளில் தோட்டாவின் குறை பெரும்பாலும் அந்த ஒரு வேட்டோடு முடிந்துவிடும். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் நம் வீரர்களில் பெரும்பாலோர் ஏந்திய .303 ரைபிள் இவ்வகையைச் சேர்ந்தது. மருந்து வலுவற்றிருந்தால் குண்டு தாழப் போகும். ஆனால் அடுத்த தோட்டாவை ஏற்றுவது வீரனின் கைதானே? கை ஓயாத வரை ரைபிளும் ஓயாது.

தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிளின் கதை வேறு. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, காற்றழுத்தத்தைப் போல் 3,000 மடங்குக்கும் மேற்பட்ட வலிமையோடு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குழலில் ஒரு சிறு துளை. குண்டு அதைக் கடந்ததும் வாயுவில் ஒரு பங்கு அதன் வழியே புகுந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். தண்டு பூட்டைத் திறக்கும். வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். சுருள்வில் பூட்டை மீண்டும் முன்னே செலுத்தி அடுத்த தோட்டாவை ஏற்றும். இத்தனை வேலைக்கும் வலிமை எங்கிருந்து வந்தது? தோட்டாவிலிருந்து. ஆகவே இங்கே தோட்டா எறியப்படும் பொருள் மட்டுமன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்பு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டு ஸ்கூட்டரைக் குறை சொல்வார் உண்டோ?

வலிமை குறைந்தால் தண்டு பாதி வழியில் நின்றுவிடும். வெற்றுக் கூடு பூட்டுக்கும் குழலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். மிகுந்தாலும் கேடுதான். ஜான் காரண்டு வடிவமைத்து 1936இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட 8 தோட்டா ரைபிளில் வாயுத் துளை குழலின் நுனிக்கு அருகே இருக்கிறது. மெல்ல எரியும் மருந்தைக் கொண்ட தோட்டாவை அதில் இட்டால், குண்டு நுனியை எட்டும்போதும் அழுத்தம் தணிவதில்லை. விளைவு, நீண்ட அத்தண்டு வளைந்துபோகும். தோட்டாவின் அளவு சரி, மருந்தின் எடையும் சரியாகவே இருக்கலாம். எரியும் வேகமே பொருந்தவில்லை. பழைய காரண்டு ரைபிளை வைத்திருப்போர் இன்றும் அஞ்சுவது இதற்குத்தான்.

வங்காளத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலையில் நம் நாடு 1960களிலிருந்து செய்த 7.62 மில்லிமீட்டர் ரைபிளில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. திருகக்கூடிய ஒரு வளையத்தால் தண்டுக்குச் செல்லும் வாயுவைக் கூட்டலாம், குறைக்கலாம். எளிய ஏற்பாடு, மிகவும் அறிவுள்ளது என்பேன்.

பித்தளைக் கூட்டுக்கு வருவோம். இதில் நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரைக் கொட்டில்களில் வைத்திருந்து, மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் பல கூடுகள் விரிசல் கண்டிருக்கும். மழைப் பருவத்தில் நேர்ந்தமையால் 'பருவ வெடிப்பு' என்று பெயரிட்டார்கள். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதை விளக்கினார்கள். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஒரு காரணம். பித்தளையைக் குளிர்ந்த நிலையில் இழுத்துக் கூடாக்கும்போது அதனுள் தங்கிவிடும் இறுக்கம் மற்றொரு காரணம். இரண்டும் சேர்ந்தபோதே பித்தளை பிளந்தது. கூட்டை அளவோடு சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது அதற்குப் பரிகாரம். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கொட்டிலையும் தோட்டாவையும் ஒருங்கே வைத்து நினைக்க ஒருவருக்கும் தோன்றாத வரை விடை கிட்டவில்லை.

விரிசல் கண்ட கூடு வேட்டின்போது அறுந்தால் முன்பாதி குழலுக்குள்ளேயே தங்கிவிடும். தானே நிரப்பும் ரைபிள் அதை அறியாது. அடுத்த தோட்டாவை அதன்மேலேயே திணித்து முடங்கிவிடும்.

கேப்பிலும் ஒரு தீங்கு உண்டு. பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்ப்பார்கள். அது எரிந்து விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தைக் கவர்ந்து இரும்பைத் துருவேற்றும். கிழக்கே கடலும் நடுவே பள்ளிக்கரணைச் சதுப்பும் உள்ள நம் பகுதியில் சன்னல் கம்பிகள் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். எண்ணெய் தடவினால் உப்பு போகாது. நீரால் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் இட வேண்டும். குழலை மட்டும் கழுவி வாயுத் தண்டை மறந்தவனுடைய ரைபிள் சில நாளில் இறுகிவிடும்.

இக்குற்றங்களுக்கு உயிரை விலையாகக் கொடுத்த நிகழ்ச்சி வியட்நாமில் நடந்தது. யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பிலிருந்து உருவான எம்-16 ரைபிள் ஒருவகை மருந்துக்கெனச் செம்மை செய்யப்பட்டது. 1964இல் அதன் தோட்டாவுக்கு வேறொரு மருந்தையும் ஏற்றார்கள். புதிய மருந்தில், அமிலத்தை அடக்கும் பொருட்டுக் கால்சியம் கார்பனேட்டு கலந்திருந்தது. அது வாயுக் குழாயில் படிந்து அடைத்தது. தொடர்ந்து சுடும்போது வேகமும் நிமிடத்துக்கு 850 வேட்டு என்ற வரம்பை மீறியது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாமையால் ஈரத்தில் துருவேறிக் கூடுகள் ஒட்டிக்கொண்டன. துப்புரவுக் கருவிகளும் போதிய அளவில் வழங்கப்படவில்லை. சிக்கிய கூட்டை நீண்ட கோலால் தள்ளி எடுக்க முயன்றவாறே மாண்ட வீரர்கள் உண்டு.

பழி யார்மேல் விழுந்தது? ரைபிளைத் துடைக்கவில்லை என்று வீரர்கள்மேல்! 1967இல் ரிச்சர்டு இக்கோர்டு தலைமையில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்று ஆராய்ந்தது. தொழிற்சாலையில் ரைபிளைச் சோதித்து ஏற்கும்போது பழைய மருந்தைப் பயன்படுத்த இசைவு இருந்தது. போர்க்களத்துக்கோ புதிய மருந்துத் தோட்டாக்கள் சென்றன. சோதனையில் தேறிய இயந்திரமும் வீரன் கையில் இருந்த இயந்திரமும் ஒன்றல்ல என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. அறைக்குக் குரோமியம் பூசினார்கள். துப்புரவுக் கருவிகளை அனுப்பினார்கள். வேகத்தைத் தணிக்கும் மாற்றம் செய்தார்கள். கால்சியம் கார்பனேட்டைக் குறைத்த மருந்து வந்து சேர 1970 ஆயிற்று.