குழந்தைக்கு ஏற்றும் தட்டணு

 

நம் காலனிக் குழந்தையொன்றுக்குத் தட்டணு ஏற்றியபோது, "இதில் கிருமி இராதா?" என்று தாயார் கலங்கினார். விடை தேடினோம்.

தட்டணுக்களைக் குளிரில் வையாது, 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் அசைத்தபடி காப்பர். அவ்வெப்பம் கிருமிக்கும் உகந்தது. ஆதலின் அமோட்டோசலென் என்னும் மருந்து கலந்து, புற ஊதா ஒளி பாய்ச்சுவர், கிருமி பெருகாது. உட்கருவற்ற தட்டணுவோ தன் பணியாற்றும். எஞ்சிய மருந்தையும் பெரும்பாலும் நீக்கிவிடுவர். அமெரிக்கா இம்முறையை 2014-ல் ஏற்றது.

ஆயினும், காமாலைக்கு ஒளிச்சிகிச்சை பெறும் பச்சிளங்குழவிக்கு, விளக்கின் உச்ச அலைநீளம் 425 நானோமீட்டருக்குக் குறைவாயின், இது ஆகாது, தோல் சிவக்கக்கூடும். மருத்துவரிடம் கேட்டறிதல் நம் கடமை.

எம்முறையாயினும், கொடுப்பவரின்றித் தட்டணு இல்லை. அன்பர்களே, கை நீட்டுவோம்!